நம்பிக்கைத் தூதரின் முப்பது பாக்கெட்டுகள்

அந்தச் சட்டைக் கம்பெனியில் மின்விசிறிகளைவிடப் பொன்மொழிகள் அதிகம். மின்விசிறி ஓடாத இடமாகப் பார்த்துத்தான் மேனேஜர் பொன்மொழி மாட்டுகிறார் என்று தையல் பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஏழாவது வரிசைக்கு மேலே விசிறி நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்கு நேர் கீழே, ‘வியர்வை என்பது உடல் சிந்தும் புன்னகை’. நூற்று இருபது பெண்களுக்கு இரண்டே இரண்டு கழிப்பறைகள். அந்தக் கதவுகளுக்கு நடுவே, ‘அவசரப்படாதவனைத் தேடி வெற்றி வரும்’. எல்லாம் மேனேஜர் தாமே யோசித்து, தாமே கையெழுத்துப் போட்டுக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்தவை. அதனால் அவருக்குப் பெயரே பொன்மொழி. நேரில் மட்டும் சார்.

சரக்கு லிஃப்ட் கதவில் இருந்தது, ‘உயரம் என்பது ஒரு மனநிலை’. அதற்குப் பின்னால், கதவிலேயே, ஏற்கெனவே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ‘கம்பி நைஞ்சு போச்சு. ஏறாதீங்க’ என்று மெக்கானிக் பால்பாயின்ட் பேனாவால் எழுதியது. சரக்கு வாங்குபவர்கள் கம்பெனியைப் பார்க்க வந்த அன்று அந்தக் காகிதம் கண்ணை உறுத்துகிறது என்று மேனேஜருக்குத் தோன்ற, அதன்மேல் பொன்மொழியை மாட்டச் சொன்னார். அறிவிப்பு அகற்றப்படவில்லை, அதன்மேல் வேறொரு அறிவிப்பு வைக்கப்பட்டது, அவ்வளவுதான் என்று பின்னால் நடந்த விசாரணையில் அவர் சரியாகவே எடுத்துச் சொன்னார். நூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியவளுக்கு அது தெரிய வழியில்லை. அன்று லிஃப்ட்டின் மனநிலையும் நன்றாக இல்லை. இரண்டாம் மாடியிலிருந்து ஒரே மூச்சில் கீழே வந்தது.

அவளை எல்லோரும் பாக்கெட் அக்கா என்பார்கள். பதினோரு வருடமாகச் சட்டைக்குப் பாக்கெட் வைத்தவள். வெள்ளைச் சட்டைக்கு யார் வேண்டுமானாலும் பாக்கெட் வைத்துவிடலாம். கட்டம் போட்ட சட்டைக்கு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பாக்கெட்டில் இருக்கும் கோடு சட்டையில் இருக்கும் கோட்டோடு சேர்ந்து, பாக்கெட் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணுக்கே தெரியாமல் போக வேண்டும். அவள் வைத்த பாக்கெட்டை, கைவிட்டுப் பார்த்துத்தான் நம்ப வேண்டியிருக்கும். வலது கால் முழங்காலுக்குக் கீழே போனபோது, ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவள் முதலில் கேட்டது பதினாலாம் நம்பர் மெஷினில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

செயற்கைக் கால் வந்தது. அதற்கு அவள் மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். வேலை செய்யாது, ஆனால் காலையில் எழுந்ததும் கவனிக்க வேண்டும், துடைக்க வேண்டும், கொஞ்சம் அலட்சியமாக இருந்தால் கோபித்துக்கொண்டு புண்ணாக்கிவிடும். வேறென்ன பெயர் வைப்பது என்றாள்.

தையல் மெஷின் பெடலை மிதிக்க மாப்பிள்ளையை நம்ப முடியாது. ஆனால் அந்த மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைத் தூக்குவது முழங்காலால். மேசைக்கடியில் ஒரு லிவர் இருக்கும், வலது முட்டியால் தள்ளினால் போதும். முட்டி இருந்தது. பெடலுக்கு இடது காலைப் பழக்கினால் சரி. வீட்டில் தையல் மெஷின் கிடையாது. எடை பார்க்கும் மெஷின் ஒன்று இருந்தது. அதை மேசைக்கடியில் போட்டு இடது பாதத்தை வைத்தாள். மூன்று கிலோ அழுத்தினால் மெதுவான ஓட்டம், ஆறு கிலோ என்றால் வேகம், மூலைக்கு வரும்போது சட்டென்று சைபர். எதிரே தரையில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்து எண் சொன்னவள் நாத்தனார். அதே கம்பெனியில் செக்கர்; தைத்து வருவதில் குறை கண்டுபிடிப்பதே அவள் வேலை. வீட்டிலும் அவளுக்கு அதில் ஓய்வு கிடையாது.

“அண்ணி, நாலரை. நான் மூணு சொன்னேன். காலா அது, யானைக் காலா?”

கணவர் பஸ் டிரைவர். இரண்டு வாரம் வேடிக்கை பார்த்துவிட்டு ஒரே ஒரு யோசனை சொன்னார். “நீ காலையே நினைச்சுக்கிட்டு மிதிக்கிறே. நான் அப்படி பிரேக் மிதிச்சா பஸ் கடைக்குள்ளதான் போய் நிக்கும். கண்ணு ரோட்டுல இருக்கட்டும், கால் தன்னால வரும்.” அதன்பிறகு அவள் மேசைமேல் கட்டம் போட்ட பழைய லுங்கி ஒன்றை விரித்து, கோட்டையே பார்த்துக்கொண்டு மிதித்தாள். நாலு மாதம். காலையில் பால் காயும் நேரம் கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம். ஒருநாள் நாத்தனார் எண் சொல்வதை நிறுத்திவிட்டு எழுந்து போனாள். அவளிடமிருந்து அதற்குமேல் பாராட்டை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

கம்பெனிக்குப் போய், வேலைக்குத் திரும்புகிறேன் என்று சொன்னாள். மேனேஜர் எழுந்து நின்று இரு கைகளையும் கூப்பினார். அவர் கைகூப்பியபின் யாருக்கும் நல்லது நடந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை.

அவளைக் கம்பெனியின் ‘நம்பிக்கைத் தூதர்’ ஆக்கப் போகிறார்களாம். முன்வாசலில் நாற்காலி, பக்கத்தில் பூ ஜாடி. வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்து வரவேற்பு அட்டை கொடுக்க வேண்டியது. எனக்கு என் மெஷின் போதும் சார் என்றாள். இது உங்கள் அடக்கத்தைக் காட்டுகிறது என்றார் அவர். அடக்கம் இல்லை, பதினாலாம் நம்பர் மெஷின் என்று மறுபடி சொன்னாள். மெஷினுக்குக் கால் வேண்டுமே அம்மா என்று அவர் குரலைத் தாழ்த்தினார், ஏதோ அவளுக்குத் தெரியாத செய்தியை மெல்லச் சொல்வதுபோல. முட்டி லிவரைப் பற்றி அவள் சொல்லத் தொடங்கியபோது அவருக்குத் தொலைபேசி வந்துவிட்டது.

தூதர் வேலை என்னவாகும் என்று தையல் லைனில் எல்லோருக்கும் தெரியும். வெட்டும் மெஷினில் இரண்டு விரலை விட்ட அண்ணன் ஒருவரைப் ‘பசுமைத் தூதர்’ ஆக்கினார்கள். மூன்று மாதம் முன்வாசல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். பிறகு செடிகளை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் செடி வைத்தார்கள். பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் எதற்கு என்று அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போதும் கைகூப்பினார்கள்.

நியமனக் கடிதத்தில் அவள் மேடையில் வைத்துக் கையெழுத்துப் போடுவது என்று ஏற்பாடு. கையெழுத்து விழுந்தால் லைன் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்துவிடுவார்கள். பதினாலாம் நம்பருக்கு வேறு ஆளை நிரந்தரமாகப் போட்டுவிடுவார்கள். போடாவிட்டால், கம்பெனி நீட்டிய கையைத் தட்டிவிட்டவள் என்று இன்னொரு கடிதம் வரும். வீட்டில் இதைப் பேசியபோது, இரண்டு கடிதமும் ஒரே பேனாவால் எழுதியதுதான் என்றார் கணவர்.

விழா அன்று காலை பத்து மணிக்கு லைனை நிறுத்திவிட்டு நூற்று இருபது பேரையும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். பலகை அடித்த மேடை. பின்னால், ‘விழுந்தேன், எழுந்தேன், விருந்தினரை வரவேற்றேன்’ என்ற பதாகை. இதை அவள் சொன்னதாகப் போட்டிருந்தது. நம்பிக்கை ஊட்ட வெளியிலிருந்து ஒரு பேச்சாளர் வந்திருந்தார். வாழ்க்கையில் ஏழு முறை விழுந்து எழுந்தவர் என்று அறிமுகம் செய்தார்கள். நல்ல சதைப்பற்று, விழுந்த ஏழு முறையும் மெத்தையில் விழுந்திருப்பார் என்று நாத்தனார் முன்வரிசையில் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்.

மேடையில் அழகுக்கு ஒரு தையல் மெஷின் இருக்கட்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அவள் அதன் முன்னால் கைகட்டி உட்கார்ந்தால் படம் உருக்கமாக வரும். பதினாலாம் நம்பரையே கொண்டுவந்து வை என்றதும் அவர்தான். மெஷினின் சின்ன விளக்கு எரிய வேண்டும் என்று படம் எடுப்பவர் கேட்டார். விளக்குக்கும் மோட்டாருக்கும் ஒரே இணைப்பு. மெக்கானிக் சொன்னதைச் செய்கிற ஆள், வயரை இழுத்துக் கரண்ட் கொடுத்துவிட்டார். மேசை வெறுமையாக இருக்கிறதே என்று மேனேஜர் மறுபடி யோசித்து, லைனிலிருந்து பார்க்க லட்சணமான துணி ஒன்றை எடுத்துவரச் சொன்னார். நீலமும் வெள்ளையும் கட்டம் போட்டது வந்தது. முப்பது சட்டை முன்பக்கம், முப்பது பாக்கெட், மேலே டிக்கெட் கட்டிய பண்டில்; தைக்க எடுப்பவர் அந்த டிக்கெட்டைக் கிழித்துத் தம் கணக்கில் வைத்துக்கொள்வார். பன்னிரண்டு மணிக்குள் முடிய வேண்டிய அவசரச் சரக்கு அது. அவள் போனபின் அந்தக் கட்டத்துக்குப் பாக்கெட் வைத்த இரண்டு பேரும் நாத்தனாரிடம் திட்டு வாங்கியே இளைத்துப் போயிருந்தார்கள். அந்தத் துணியை எடுத்தபோது லைன் சூப்பர்வைசர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மேனேஜர் அவரைப் பார்த்துப் புன்னகைத்ததும் மூடிக்கொண்டார்.

கூடத்துச் சுவரில் இன்னொரு கண்ணாடிச் சட்டமும் இருந்தது. போன வருடம் ஒரு பண்டிலில் பாக்கெட் அளவு மாறிப்போய், ஏழு பேரும் ஒருவரையொருவர் கைகாட்டியபோது மேனேஜர் எழுதிய சட்டம். ‘டிக்கெட்டைக் கிழித்தவரே அந்தப் பண்டிலை முடிக்க வேண்டும். முடிக்கும்வரை அவரை மெஷினிலிருந்து எழுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை.’ இதுவரை சட்டம். அதற்குக் கீழே, தம் பணிவு எல்லோருக்கும் தெரியட்டும் என்று சிவப்பு எழுத்தில் சேர்த்திருந்தார்: ‘எனக்கும்தான்.’

அவள் பத்து அடி நடந்து மேடையேறினாள். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பத்து அடியை எப்படிக் கடந்தாய் என்று கேட்டிருந்தால், மாப்பிள்ளையைத் திட்டிக்கொண்டே என்று சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. மெஷின் முன்னால் உட்கார வைத்தார்கள். கடிதம் ஒரு தட்டில், பட்டுத் துணியின்மேல் இருந்தது. பேச்சாளர் ஒலிவாங்கியைப் பிடித்து, இந்தச் சகோதரி ஒரு தீபம், இந்தச் சகோதரி ஒரு மலை என்று ஆரம்பித்து, தாம் விழுந்த முதல் முறைக்கு வந்தார். ஏதோ விமான நிலையத்தில் நடந்தது அது.

அவள் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே நீலக் கட்டம். யாரோ அவசரத்தில் வெட்டிய துணி, ஓரத்தில் கோடு சற்றுச் சாய்ந்திருந்தது. கண் தானாக அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டது. பெடல்மேல் இடது கால் எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. டிக்கெட்டை எடுத்துக் கிழித்தாள்.

அந்தச் சத்தம் பேச்சாளருக்குக் கேட்கவில்லை. முன்வரிசைக்குக் கேட்டது. டிக்கெட் கிழியும் சத்தத்தைத் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்லும் பெண்கள் அவர்கள். பின்னால் வரிசை வரிசையாக முதுகுகள் நிமிர்ந்தன.

மெஷின் ஓடத் தொடங்கியது. பேச்சாளர் மூன்றாவது தடவை விழுந்துகொண்டிருந்தார். இடையில் திரும்பிப் பார்த்துவிட்டு, ஆகா, கடமை என்று சொல்லி மேலே போகப் பார்த்தார். அந்த மெஷினோடு போட்டி போட்டுப் பேசியவர் யாரும் இல்லை. பாக்கெட்டின் வலது மூலையில் சின்ன முக்கோணத் தையல், கீழே இறக்கம், முட்டியால் லிவரைத் தள்ளித் துணியைத் திருப்பி, அடி முனை, மறுபடி ஏற்றம். அடி முனையில் கால் ஒரு நொடி கூடுதலாக அழுந்திவிட்டது. பலகை மேடை ஆடியது. ஆனாலும் முடித்தாள். முதல் முன்பக்கத்தைத் தூக்கிக் காட்டியதும் கூடமே கைதட்டியது. மேனேஜரும் தட்டினார், முகம் சரியில்லாமல். யாரோ கண்ணைத் துடைத்தார்கள்.

நாத்தனார் தட்டவில்லை. எழுந்து மேடைக்குப் போய்த் துணியை வாங்கினாள். விளக்குக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

“கீழ் முனையில ஒரு நூல் தள்ளியிருக்கு அண்ணி. பிரிச்சுத் தைங்க.”

பேச்சாளர் திடுக்கிட்டு, இவ்வளவு போராடி வந்தவரிடம் இப்படிச் சொல்லலாமா அம்மா, ஒரு நூல்தானே, மனசைப் பாருங்கள் என்றார்.

“மனசைப் பார்க்கிறதுக்கு வேற ஆள் இருக்கு சார். நான் பாக்கெட் பார்க்கிறவ.”

பாக்கெட் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இந்த எட்டு மாதத்தில் எவ்வளவோ கைதட்டல் கேட்டுவிட்டாள். தண்ணீர் குடித்தால் தட்டினார்கள், படியேறினால் தட்டினார்கள். தைத்ததில் தப்பு என்று ஒருவர் சொல்லி அவள் கேட்டது இப்போதுதான். பிரிக்கும் ஊசியை எடுத்தபோது அவள் சிரித்ததைப் படம் எடுப்பவர் கவனிக்கவில்லை. அவர் கண்ணைத் துடைத்தவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

மேசை ஆடுவதுதான் கோளாறு. ஒரு கால் பலகையில் சரியாக உட்காரவில்லை. அடியில் கொடுக்க ஏதாவது வேண்டும் என்று சுற்றிப் பார்த்தாள். எட்டுகிற தூரத்தில் தட்டு ஒன்றுதான் இருந்தது. பட்டுத் துணி வழுக்கும். கடிதம் நல்ல கெட்டிக் காகிதம். எடுத்து நாலாக மடித்து மெக்கானிக்கிடம் நீட்டினாள். அவர் சொன்னதைச் செய்கிற ஆள். குனிந்து மேசைக் காலுக்கு அடியில் வைத்து, தட்டிப் பார்த்து, இப்ப ஆடாது என்றார். அந்தக் காகிதம் பிறந்ததிலிருந்து செய்த முதல் வேலை அதுதான்.

மேனேஜர் மேடையேறினார். முதலில் காதோரம் குனிந்து, எழுந்திருங்கம்மா, விழா நடக்கிறது என்றார். அவள் இரண்டாவது முன்பக்கத்தை விரித்தாள். பிறகு சற்று உரக்கச் சொன்னார், முன்வரிசைக்குக் கேட்கும் அளவுக்கு.

“இப்ப எழுந்திருக்கப் போறீங்களா இல்லையா?”

அவள் தலையைத் தூக்கவில்லை. “டிக்கெட் கிழிச்சுட்டேன் சார். முப்பது பாக்கெட் முடியற வரைக்கும் என்னை எழுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை.” பிறகு சுவர்ப் பக்கமாக ஊசியை நீட்டினாள். “உங்களுக்கும்தான். சிவப்புல போட்டிருக்கீங்க.”

நூற்று இருபது பேரும் சுவரைப் பார்த்தார்கள். மேனேஜரும் பார்த்தார். அவருடைய கையெழுத்து, பெரிதாக, அடிக்கோட்டோடு இருந்தது. இத்தனை வருடத்தில் அவர் எழுதிய ஒன்றை அத்தனை பேரும் ஒரே நேரத்தில் படித்தது அன்றைக்குத்தான்.

பேச்சாளர் ஐந்தாவது தடவை விழுவதை ஒத்திவைத்துவிட்டுக் காபி கேட்டார். சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பண்டிலைப் பார்த்தார், மேனேஜரைப் பார்க்காமலே மேடைக்கு வந்து தைத்த முன்பக்கங்களை அடுக்கத் தொடங்கினார். ஆறாவது பாக்கெட்டில் கால் மறந்துபோனது. அதாவது, கால் என்று ஒன்று இருப்பதே மறந்து கண் கோட்டில் போய்விட்டது. நாத்தனார் மேடை ஓரத்தில் நின்று ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தாள். சரி என்று சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. குறை இல்லாததை மடித்து இடது பக்கம் வைப்பாள். இடது பக்கம் உயர்ந்துகொண்டே போனது. பதினேழாவதில் வலது பக்கம் கை நீண்டது, விளக்கில் மறுபடி பார்த்துவிட்டு இடது பக்கம் வந்தது. கூடத்தில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். இதற்கு யாரும் தட்டவில்லை. வேலை நடக்கும்போது யார் தட்டுவார்கள்?

முப்பதாவது இறங்கியபோது மணி பதினொன்று ஐம்பது. பிரித்துத் தைத்த முதலாவதையும் நாத்தனார் மீண்டும் எடுத்துப் பார்த்தாள். பாக்கெட்டைக் காணோம். கைவிட்டுப் பார்த்தாள், இருந்தது.

மேனேஜர் அதற்குள் தெளிந்துவிட்டார். ஒலிவாங்கியை வாங்கி, இன்றைய நிகழ்ச்சியின் நோக்கமே இதுதான் என்றார். ஒரு தொழிலாளியை அவருடைய மெஷினுக்கே திரும்பக் கொண்டுவருவது என்ற தம் நெடுநாள் கனவு நிறைவேறியது என்றார். வேண்டுமென்றேதான் மெஷினையும் பண்டிலையும் மேடையில் வைத்ததாகச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. அவரே நம்பிவிட்டார். அத்தனை பேர் முன்னால் சொன்னதை நாளைக்கு அவரால் திரும்ப வாங்க முடியாது என்பது எல்லோருக்கும் புரிந்தது, அவரைத் தவிர. எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது நாத்தனார்.

“சார் சொன்னது கேட்டுச்சில்ல? மெஷினை லைனுக்கு எடுத்துட்டுப் போங்க,” என்று சூப்பர்வைசர் மெக்கானிக்கை உடனே விரட்டினார்.

மத்தியானம் பதினாலாம் நம்பர் பழைய இடத்துக்கு வந்தது, ஏழாவது வரிசையில், நின்றுபோன விசிறிக்குக் கீழே. மெக்கானிக் பெடலைக் கழற்றி நாலு விரற்கடை இடது பக்கமாக நகர்த்திப் பூட்டினார். அது அரை மணி நேர வேலை. எட்டு மாதமாக அது யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த பண்டிலும் நீலக் கட்டம்தான். அவள் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, இங்கே வெளிச்சம் போதாது, கோடு தெரியவில்லை, மேலே ஒரு டியூப் லைட் வேண்டும் என்றாள். மாட்டலாம், ஆனால் அந்த இடத்தில் வியர்வைப் புன்னகை இருக்கிறதே என்று மெக்கானிக் மேலே காட்டினார்.

“கழட்டுங்க.”

அவர் ஏணியைப் போட்டு ஏறி, ஆணியிலிருந்து சட்டத்தை எடுத்தார். பின்னால் சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம். சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இதை எங்கே வைப்பது என்று ஏணிமேல் நின்றபடியே கேட்டார்.

“எங்க வேணா வைங்கண்ணே. லிஃப்ட் கதவுல மட்டும் வேண்டாம்,” என்று சொல்லிவிட்டு அவள் டிக்கெட்டைக் கிழித்தாள்.